வார இறுதித் தலைமைப் பயிற்சி முகாமுக்குப் போகலாமா? காசிமேட்டுத் தங்கைக்கு ஒரு பதில்

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காசிமேட்டில் உங்கள் தெருப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேருக்கு மாலையில் காசு வாங்காமல் பாடம் சொல்லிக்கொடுக்கிறீர்கள்; பகலில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறீர்கள்; வயது இருபத்தேழு. ஓராண்டு நடக்கும் சமூகத் தலைமைப் பயிற்சித் திட்டம் ஒன்றுக்குத் தேர்வாகியிருக்கிறீர்கள். அதன் தொடக்கமாக, வெள்ளிக்கிழமை மாலை முதல் ஞாயிறு மதியம் வரை மாமல்லபுரத்துக்கு அருகே தங்கும் முகாம் இருக்கிறது. அதற்குப் போனால் ஏதாவது பயன் உண்டா, அல்லது விளையாட்டும் பேச்சுமாகப் பொழுது போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியின் நடுவே இரண்டு செய்திகளைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உடன் வருபவர்கள் பெரும்பாலும் ஐ.டி. கம்பெனியிலும் வங்கியிலும் வேலை பார்ப்பவர்கள், ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள் போலிருக்கிறது என்பது ஒன்று. இரண்டு ராத்திரி வெளியே தங்க அம்மா சம்மதிக்கவில்லை என்பது மற்றொன்று. எனவே, அந்த இடத்தில் நான் சிறுத்துப்போவேனா, திரும்பி வந்தபின் என் தெரு என்னை வேற்றாளாகப் பார்க்குமா என்பதுதான் உங்கள் மனத்தில் உள்ள கேள்வி என்று எனக்குப் படுகிறது. அந்தக் கேள்விக்கே பதில் எழுதுகிறேன்.

நான் தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு மீனவர் குப்பங்களில் நிவாரண வேலைக்குச் சென்ற இளைஞர்களில் நானும் ஒருவன். அடுத்த ஆண்டு அந்தக் குப்பங்களின் இளைஞர்களுக்காக நடந்த ஒரு தங்கும் முகாமில் பங்கேற்பாளனாக உட்கார்ந்தேன். அதன்பிறகு பயிற்றுநராக இருபது ஆண்டுகள் ஆகின்றன. மகளிர் சுயஉதவிக் குழுக்களின் ஊக்குநர்கள், மீனவப் பெண்கள், குடியிருப்போர் நலச்சங்கத்தினர், இளைஞர் மன்றத்தினர் என்று திருவொற்றியூரிலிருந்து புளியந்தோப்பு வரை பலரோடு முகாம்களில் தங்கியிருக்கிறேன். உங்களுடையதைப் போல வசதியுள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒரே கூரையின் கீழ் சேர்க்கும் திட்டங்களில் நான் வேலை செய்தது ஐந்தாறு முறைதான். ஆகையால் குடிசைப் பகுதி முகாம்களைப் பற்றி நான் சொல்வதற்கு அதிக எடையும், கலப்பு முகாம்களைப் பற்றிச் சொல்வதற்குச் சற்றுக் குறைந்த எடையும் கொடுத்துப் படியுங்கள்.

இப்படி ஊரைவிட்டு வெளியே அழைத்துப்போய்த் தங்கவைத்துப் பயிற்சி கொடுக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால், முகாமில் நடப்பவை பலவற்றின் காரணம் விளங்கும். 1946இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் இனவெறுப்பையும் மதவெறுப்பையும் எதிர்த்து வேலை செய்யும் உள்ளூர்த் தலைவர்களுக்காகக் கர்ட் லெவின் என்ற உளவியல் அறிஞர் ஒரு பயிலரங்கு நடத்தினார். பகலில் பங்கேற்பாளர்கள் எப்படிப் பேசினார்கள், எப்படி ஒதுங்கினார்கள் என்பதை ஆய்வாளர்கள் இரவில் தங்களுக்குள் விவாதித்தார்கள். அங்கேயே தங்கியிருந்த பங்கேற்பாளர்கள் சிலர் அந்த விவாதத்தைக் கேட்க விரும்பினார்கள். தங்களைப் பற்றிப் பிறர் சொல்வதை நேரில் கேட்டபோது அவர்கள் கற்றுக்கொண்டது பகல் வகுப்பில் கற்றதைவிட ஆழமாக இருந்ததை லெவின் கண்டார். 1947இல் மெய்ன் மாநிலத்தின் பெத்தல் என்ற சிற்றூரில் அதையே முறையாக்கினார்கள். அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே லெவின் இறந்துவிட்டார். இன்றைக்கு உங்களை வட்டமாக உட்காரவைத்து, "நேற்று உங்கள் குழு வேலை செய்தபோது என்ன நடந்தது?" என்று கேட்கப்போகும் பயிற்றுநர், தெரிந்தோ தெரியாமலோ அந்த வழியில் வந்தவர்.

சமூக இயக்கங்களில் வேலை செய்பவர்களைத் தங்கவைத்துப் பயிற்சி கொடுக்க, அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1932இல் தொடங்கிய ஹைலேண்டர் பள்ளியையும் சொல்ல வேண்டும். ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் 1955 கோடையில் அங்கே இரண்டு வாரம் தங்கினார். அந்த ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் மாண்ட்கோமரி நகரப் பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட்டு எழுந்திருக்க மறுத்துக் கைதானார். முகாமுக்குப் போனதால்தான் அவர் அப்படிச் செய்தார் என்று சில பயிற்றுநர்கள் மேடையில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன், அது மிகை. அதற்கு முன்பே பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் தம் ஊரில் கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தின் செயலாளராக இருந்தவர். முகாமின் முடிவில் தம் ஊரில் பெரிதாக எதுவும் நடக்கும் என்ற நம்பிக்கைகூட அவருக்கு இருக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டு வேலை ஒரு பக்கம், இரண்டு வாரம் மறு பக்கம் என்று வைத்துப் பார்த்தால் முகாமின் அளவு சரியாகத் தெரியும். நீங்கள் நடத்தும் மாலைப் பள்ளிதான் உங்களுடைய பன்னிரண்டு ஆண்டு. முகாம் அதற்கு ஒரு துணை.

அயல்நாட்டுக் கதையாக மட்டும் இதை நினைக்க வேண்டாம். பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் வேலை முடிந்தபின் ஆன்மிகச் சொற்பொழிவு கேட்கக் கூடிய ஒரு சபையில்தான் தங்கள் குறைகளைப் பேசத் தொடங்கினார்கள். அந்தச் சபையை நடத்திய செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் விடுதலை இயக்கத்தைச் சேர்ந்த பி.பி. வாடியாவையும் திரு.வி.க.வையும் அழைத்துவந்தார்கள். 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாக அதைச் சொல்கிறார்கள். தலைமை எதுவும் அங்கே பாடமாக நடத்தப்படவில்லை. மனிதர்கள் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் கூடினார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் அறிந்தார்கள். என் அனுபவத்தில் முகாமால் உறுதியாகக் கிடைக்கும் ஒரே பொருளும் இதுதான். உங்கள் தெருவில் ஒரு சிக்கல் வரும்போது, தயங்காமல் ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்யக்கூடிய இரண்டு பேர் உங்களுக்குக் கிடைப்பார்கள். மற்றவையெல்லாம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

என்ன நடக்கும் என்பதைச் சொல்கிறேன். வெள்ளி மாலை பெயர் சொல்லும் விளையாட்டு, அறிமுகம், முகாம் விதிகள். அன்றைய இரவு எல்லோருக்கும் சங்கடமாகவே இருக்கும். கோட்டு சூட்டில் வேலைக்குப் போகிறவருக்கும் அப்படித்தான். சனி காலையில் அநேகமாக "வாழ்க்கை நதி" வரையச் சொல்வார்கள். ஒரு சார்ட் தாளில் உங்கள் வாழ்க்கையை ஆறாக வரைந்து, எங்கே பாறை, எங்கே வெள்ளம், எங்கே வறட்சி என்று குறித்து, நான்கைந்து பேர் கொண்ட குழுவில் பேச வேண்டும். சிலர் இன்னொரு பயிற்சியும் வைப்பார்கள்: எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, "வீட்டில் தனி அறை இருந்தவர்கள் ஓர் அடி முன்னே வாருங்கள்", "பசியோடு படுத்தவர்கள் ஓர் அடி பின்னே போங்கள்" என்று வாசிப்பார்கள். மதியத்துக்குமேல் குழு விளையாட்டு அல்லது ஒரு கற்பனைச் சிக்கலுக்குத் தீர்வு காணும் பயிற்சி. மாலையில் ஒருவரைப் பற்றி ஒருவர் கருத்துச் சொல்வது. ஞாயிறு காலை ஆளுக்கொரு திட்டம் எழுதி உறுதி சொல்வது. வரிசை மாறலாம், சரக்கு ஏறக்குறைய இதுதான்.

இதில் வாழ்க்கை நதியைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். வடசென்னையிலிருந்து வருகிறவரிடம் எல்லோரும் எதிர்பார்ப்பது துயரக் கதை. எண்ணூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், நான் துணைப் பயிற்றுநராக இருந்த ஒரு கலப்பு முகாமில், தன் தகப்பனார் இறந்த விதத்தைச் சொல்லத் தொடங்கினார். குழு அழுதது. அழுகையைக் கண்டதும் அவர் இன்னும் சொன்னார், தம் வீட்டாரிடம்கூடச் சொல்லாததையெல்லாம் சொன்னார். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். "போதும் அம்மா, தண்ணீர் குடியுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லி நிறுத்தியிருக்கலாம், சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் அந்தக் கதை, அவர் படத்தோடு, நன்கொடை கேட்கும் துண்டறிக்கையில் வந்தது. யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவர் திட்டத்தைவிட்டுப் போய்விட்டார்; அதற்குப்பின் எந்தக் கூட்டத்துக்கும் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. அந்த நிறுவனத்தின்மீது எனக்குள்ள வருத்தத்தைவிட என்மீது உள்ள வருத்தம் பெரிது. அன்றிலிருந்து என் முகாம்களில் இந்தப் பயிற்சிக்கு முன்னால், "நாளை உங்கள் தெருமுனையில் நின்று சொல்லக்கூடியதை மட்டும் இங்கே சொல்லுங்கள்" என்று சொல்லித்தான் தாளைக் கொடுக்கிறேன். நீங்களும் அதையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பள்ளிப் பிள்ளைகளின் வீட்டுச் செய்திகளைப் பெயர் மாற்றிக்கூடச் சொல்லாதீர்கள். அவை உங்களை நம்பி வந்தவை. உங்கள் படத்தையோ பேச்சையோ பயன்படுத்த எழுத்தில் அனுமதி கேட்டால், படித்துப் பார்த்து, வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதிக்கொடுங்கள். மறுத்ததற்காக உங்களைத் திட்டத்திலிருந்து நீக்கும் நிறுவனம் என்றால், அந்தத் திட்டத்தில் நீங்கள் இருக்க வேண்டிய அவசியமில்லை.

அடி முன்னே, அடி பின்னே பயிற்சியைப் பற்றியும் என் கருத்து அவ்வளவு நல்லதாக இல்லை. முன்வரிசையில் நிற்பவர் கண்திறக்கப் பின்வரிசையில் நிற்பவர் பாடப்பொருளாகிறார். நன்றாக நடத்துகிற பயிற்றுநர்கள் ஒவ்வொருவருக்கும் கற்பனைப் பாத்திரம் ஒன்றைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, அந்தப் பாத்திரமாக நடக்கச் சொல்வார்கள், அது சரி. உங்கள் சொந்த வாழ்க்கையை வைத்து நடத்தினால், "நான் பார்க்கிறேன்" என்று சொல்லி ஓரமாக நிற்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஆங்கிலத்தைப் பற்றிய பயம் நியாயமானது. அதற்கு முகாம் தொடங்குமுன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒருங்கிணைப்பாளரை அழைத்து, "நான் தமிழில் பேசுவேன், பேச்சு எந்த மொழியில் நடக்கும், எனக்குப் புரியாவிட்டால் யார் சொல்வார்கள்?" என்று நேரடியாகக் கேளுங்கள். உங்களைத் தேர்வு செய்தவர்களுக்கு உங்கள் மொழி தெரிந்தே இருக்கும். ஏற்பாடு செய்வது அவர்கள் பொறுப்பு, உங்கள் குறையன்று. வெள்ளி மாலை அறிமுகத்தில் உங்கள் முறை வரும்போது தமிழிலேயே முழு வாக்கியமாகப் பேசுங்கள். அந்த முதல் இரண்டு நிமிடத்தில் அரைகுறை ஆங்கிலத்தில் தொடங்கியவர்கள் பலர் மூன்று நாளும் அதிலிருந்து மீளாமல் வாய் மூடி இருந்ததைப் பார்த்திருக்கிறேன். தமிழில் தொடங்கியவர்களுக்குச் சனிக்கிழமைக்குள் அறையே தமிழுக்குத் திரும்பிவிடும். ஆங்கிலம் பேசுகிறவர்களில் பாதிப்பேர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள்தானே.

சிறுத்துப்போவதைப் பற்றி நான் கண்ட ஒரு காட்சியைச் சொல்கிறேன். 1980களின் இறுதியில் நம் நாட்டுக் கிராமங்களில் வளர்ந்த பங்கேற்பு மதிப்பீட்டு முறையில் சமூக வரைபடம் என்று ஒன்று உண்டு. ஊர்க்காரர்களே தரையில் தங்கள் ஊரை வரைவார்கள். ஒரு கலப்பு முகாமில் அதைச் சிமெண்டுத் தரையில் கோலமாவால் செய்யச் சொன்னோம். அண்ணாநகர் வங்கி அதிகாரி ஒருவர் தம் தெருவை நேர்க்கோடாகப் போட்டார், இரு பக்கமும் வீடுகளைப் போட்டார், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கேட்டதும் கை நின்றுவிட்டது. பக்கத்தில் வியாசர்பாடியிலிருந்து வந்த அக்கா ஒருவர் குந்தி உட்கார்ந்து, கணேசபுரம் சுரங்கப்பாதையிலிருந்து தொடங்கினார். மழை பெய்தால் முதலில் மூழ்கும் இடம் அது என்று விரலால் ஒரு குழி காட்டினார். லாரித் தண்ணீர் நிற்கும் இடத்துக்கு ஒரு தீக்குச்சி, கழிப்பறை இல்லாத வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை, தனியாக இருக்கும் முதியவர் வீட்டுக்கு ஒரு பூ. வெள்ளம் வந்தால் யாரை முதலில் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்ற வரிசையை அவர் எண்களாகப் போட்டிருந்தார். அறை முழுவதும் அவரைச் சுற்றி நின்றது. யாரும் அவருக்குத் தலைமை கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அவர் கையில் இருந்ததை அவரே அன்றுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன். ஏனென்றால் எழுந்து நின்று மாவுக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு, "இவ்வளவும் எனக்குத் தெரியுமா" என்று கேட்டார்.

அதே அக்காவுக்கு அன்று ராத்திரி நடந்தது இன்னும் முக்கியமானது. சாப்பாட்டுக்குப்பின் மொட்டைமாடியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, கேப்டன் காட்டன் கால்வாயின் மறுகரையைச் சேர்ந்த கொருக்குப்பேட்டை இளைஞரோடு பேச்சு வந்தது. எதிர்க்கரைக்காரர்கள் குப்பை கொட்டுவதால்தான் தண்ணீர் ஏறுகிறது என்று இரண்டு பேரும் பல ஆண்டுகளாகத் தத்தம் கரையில் மனு எழுதிக்கொண்டிருந்தவர்கள். எந்தத் தேதியில் எந்தத் தெருவில் எவ்வளவு ஏறியது என்று ஒப்பிட்டபோது, இரு கரையிலும் ஒரே நாளில் ஒரே அளவு ஏறியிருந்தது. மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு, கழிவுநீர்க் குழாய் 1978இல் அமைந்த சென்னைக் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. இருவரும் மனுவைத் தவறான அலுவலகத்துக்கே அனுப்பிக்கொண்டிருந்தார்கள் என்பதும் அங்கேதான் தெரிந்தது. இரு கரையும் சேர்ந்து ஒரே மனு போனது. அதன்பின் கால்வாயில் படர்ந்திருந்த ஆகாயத்தாமரையை அள்ளினார்கள். கழிவுநீர் கலப்பது நிற்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த இரண்டு பேரும் இன்றும் ஒருவருக்கொருவர் மழைநாளில் போன் செய்கிறார்கள். முகாம் நிரலில் இல்லாத இருபது நிமிடத்தில் நடந்தது இது. அதனால்தான், நிரலில் ஓய்வு நேரமே வைக்காமல் காலை ஆறு முதல் இரவு பத்து வரை அடைத்துவைக்கும் முகாம்களை நான் நம்புவதில்லை.

கருத்துச் சொல்லும் அமர்வைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 1955இல் ஜோசப் லஃப்ட், ஹாரி இங்கம் என்ற இருவர் அமைத்த "ஜோஹாரி சன்னல்" என்ற கட்டத்தை வரைந்து, நமக்குத் தெரியாமல் பிறருக்குத் தெரிந்த நம் குணங்கள் எவை என்று பேசச் சொல்வார்கள். கருவி நல்லது. இரண்டே நாள் பழகியவர் சொல்வது எவ்வளவு தூரம் சரி என்பதுதான் ஐயம். "நீங்கள் அடக்கமானவர், இன்னும் வாய் திறக்க வேண்டும்" என்று உங்களிடம் யாராவது சொல்லலாம். இருபத்திரண்டு பிள்ளைகளை ஒரே குரலில் உட்காரவைக்கும் உங்களை அவர் பார்த்ததில்லை. குறித்துவைத்துக்கொண்டு, உங்களைப் பத்தாண்டாக அறிந்த ஒருவரிடம் கேட்டபின் ஏற்பதா விடுவதா என்று முடிவு செய்யுங்கள். கேள்வித்தாள் கொடுத்து "நீங்கள் இன்ன வகை ஆளுமை" என்று நான்கு எழுத்தில் சொல்லும் சோதனைகளை இன்னும் குறைவாக நம்புங்கள்; சில வாரம் கழித்து அதே தாளை நிரப்பினால் பலருக்கு வேறு வகை வருகிறது.

அம்மாவின் தயக்கத்தைப் பழமை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அவர் கேட்கும் கேள்விகள் எல்லாம் பொறுப்புள்ள ஒருங்கிணைப்பாளர் தாமே முன்வந்து பதில் சொல்ல வேண்டியவை. தங்கும் இடத்தின் முழு முகவரி, அறையில் உடன் தங்கப்போவது யார், பெண்கள் அறைகள் தனித் தளத்தில் உள்ளனவா, இரவில் பொறுப்பில் இருக்கும் பெண் ஊழியர் யார், மது அனுமதி உண்டா, உடம்பு முடியாவிட்டால் எந்த மருத்துவமனைக்கு எந்த வண்டியில் போவார்கள், நடுவில் கிளம்ப வேண்டுமென்றால் யார் கொண்டுவந்து விடுவார்கள் என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். அந்தப் பெண் ஊழியரை அம்மாவிடம் போனில் பேசச் சொல்லுங்கள். தோழி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு முகாமுக்கு வந்த பெண்கள் சிலரை அறிவேன். மூன்று நாளும் அவர்கள் கண் போன்மீதே இருந்தது. பணியிடத்தில் பெண்கள்மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தொண்டு நிறுவனங்களுக்கும் பொருந்தும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அங்கே வேலை பார்க்காத பெண்ணும் மூன்று மாதத்துக்குள் புகார் தரலாம். குழுவில் யார் இருக்கிறார்கள் என்று முதலிலேயே கேளுங்கள். 181 என்ற மகளிர் உதவி எண்ணை அம்மாவின் போனிலும் பதிந்துவையுங்கள்.

உடல் சார்ந்த விளையாட்டுகளில் மட்டும் யார் வற்புறுத்தினாலும் இறங்க வேண்டாம் என்பேன். கண்ணை மூடிப் பின்பக்கம் சாய்வது, உயரத்திலிருந்து குதிப்பது போன்றவை நம்பிக்கையை வளர்க்கும் என்று இன்னமும் சிலர் நடத்துகிறார்கள். 2018 ஜூலையில் கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் பேரிடர் பயிற்சி என்று இரண்டாம் மாடியிலிருந்து குதிக்கச் சொல்லி, தயங்கிய மாணவியைப் பயிற்றுநரே தள்ளிவிட்டதில், கீழ்த்தளத்தின் வெயில்மறைப்பில் தலை அடிபட்டு அந்தப் பெண் இறந்துபோனார். அந்தக் காணொளியைப் பார்த்த எந்தப் பயிற்றுநரும், தயங்குகிறவரைத் தள்ளக் கூடாது என்பதை மறக்க முடியாது. தயக்கம் என்பது உடம்பு தரும் செய்தி. "எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உட்காருங்கள்.

வெள்ளியும் சனியும் மாலைப் பள்ளியை யார் பார்ப்பார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டு நாள் விடுமுறை விடலாம் என்று எண்ணியிருப்பீர்கள். விடாதீர்கள். பத்தாவதோ பதினொன்றாவதோ படிக்கும் மூத்த பிள்ளைகள் இருவரிடம் சாவியைக் கொடுங்கள். என்ன பாடம், எத்தனை மணிக்கு விடுவது, யாராவது அடித்துக்கொண்டால் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு தாளில் எழுதிக்கொடுங்கள். நீங்கள் இல்லாமல் இரண்டு நாள் அந்தக் கதவு திறந்தால், முகாமில் எந்தப் பயிற்சியும் தராத ஒன்று உங்கள் தெருவுக்குக் கிடைத்திருக்கும். கடையில் சனிக்கிழமைச் சம்பளம் பிடிப்பார்கள் என்றால் அதையும் ஒருங்கிணைப்பாளரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். வருவாய் இழப்பை ஈடுசெய்யும் திட்டங்கள் உண்டு, கேட்காதவருக்கு அவை தெரிவதில்லை.

திரும்பி வந்தபின் என்ன ஆகும் என்பதில்தான் எனக்கு உறுதி குறைவு. ஞாயிறு மதியம் பேருந்தில் ஏறும்போது எல்லோருக்கும் உலகத்தையே புரட்டிவிடலாம் என்று இருக்கும்; புதன்கிழமைக்குள் அது வடிந்துவிடும். வடிவது இயல்பு, அதைத் தோல்வி என்று எண்ண வேண்டாம். என் பங்கேற்பாளர்களை ஓராண்டு கழித்து அழைத்துப் பேசி ஒரு நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அதில் தெரிவது இவ்வளவுதான்: முகாம் முடிந்த இரண்டு வாரத்துக்குள், அங்கே சந்தித்த ஒருவரோடு சேர்ந்து, கையளவு வேலை ஒன்றைச் செய்து முடித்தவர்கள் தொடர்ந்து செய்கிறார்கள், ஞாயிறு காலை பெரிய திட்டம் எழுதிக் கைதட்டல் வாங்கியவர்களில் பலர் காணாமல் போகிறார்கள். இது ஒரு மனிதனின் நோட்டுக் கணக்கு, ஆய்வு முடிவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தொடக்கத்திலிருந்தே ஊக்கமுள்ளவர்கள்தான் அந்தச் சிறு வேலையையும் செய்தார்களோ என்ற கேள்விக்கு என் நோட்டில் விடை இல்லை. ஆனாலும் நீங்கள் ஞாயிறு காலை எழுதும் திட்டம் "எங்கள் தெருமுனை விளக்கு எரிய மாநகராட்சியின் 1913 என்ற எண்ணில் புகார் பதிந்து, எரியும்வரை தொடர்வேன்" என்ற அளவில் இருந்தால் எனக்கு மகிழ்ச்சி. பாடம் முடிந்து பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் வழி அது.

தெருவைப் பற்றிய உங்கள் பயத்துக்கு வருகிறேன். "என்ன, மேடம் ஆயிட்டியா" என்று ஒருவராவது கேட்பார். முகாமில் கற்ற சொற்களைத் தெருவில் பேசாமல் இருந்தால் அந்தக் கேள்வி ஒரு வாரத்தில் போய்விடும். போன இடத்தில் என்ன சாப்பிட்டீர்கள், கடல் எப்படி இருந்தது, யாரையெல்லாம் பார்த்தீர்கள் என்று அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். கற்றது வேலையில் தெரியட்டும். தமிழ்நாட்டில் 2022இல் வந்த விதிகளின்படி மாநகராட்சி வார்டுகளுக்கு வார்டு குழுவும், வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் பகுதி சபையும் உண்டு. சென்னையின் 200 வார்டுகளில் உங்களுடையதும் ஒன்று. அடுத்த பகுதி சபை எப்போது கூடுகிறது என்று உங்கள் வார்டின் மாமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் கேட்டு, பிள்ளைகளின் தாய்மார்கள் நான்கைந்து பேரோடு போய் உட்காருங்கள். பதில் வராத இடத்தில் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். முகாமில் இவற்றைச் சொல்லித்தராவிட்டால், சொல்லித்தரும்படி சனிக்கிழமையே கேளுங்கள். இந்த இடங்களில் பெண்களுக்கு வழியில்லை என்று எண்ணவும் வேண்டாம். உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. 2022இல் சென்னை மேயரான ஆர். பிரியா திரு.வி.க. நகர்ப் பகுதி வார்டிலிருந்து வந்தவர், அப்போது முப்பது வயதைத் தொடாதவர்.

ஆகவே என் பதில், போய் வாருங்கள் என்பதுதான். மேலே சொன்ன கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வந்தால். வரும் வியாழனுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் மழுப்பலாக இருந்தாலோ இங்கேயே எழுதுங்கள். போகாமல் இருப்பதும் ஒரு நல்ல முடிவாக இருக்கக்கூடும், சேர்ந்து யோசிக்கலாம். போவதானால் போர்வை ஒன்றும், வழக்கமாக எடுக்கும் மாத்திரைகளும், கோடு போடாத நோட்டு ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். சனி இரவு சாப்பாடு முடிந்ததும் அறைக்குப் போய்விடாமல் டீ குடிக்கிற இடத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.